நவரசமுனியின் அமாவாசை

நாடகக் கொட்டகையில் எல்லாரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்துப் படுதாவில் உள்ள ஓட்டை வழியாக உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், பதறிப்போய் மணிபர்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளாதீர்கள். அவர் திருடர் அல்ல. ஆசிரியர். கதை, வசனம், பாடல்கள், மேற்பார்வை என்று நோட்டீசில் நாலு இடத்தில் பெயர் போட்டுக்கொண்டவர். மேடையில் நடப்பது அவருக்கு மனப்பாடம். தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கதாநாயகி விம்மும்போது ஐந்தாவது வரிசை மளிகைக்கடைக்காரர் கைக்குட்டையை எடுக்கிறாரா இல்லையா? எடுத்துக் கண்ணைத் துடைத்தால் ஆசிரியருக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம், வயிறு நிறைந்துவிடும். எடுத்து மூக்கைச் சிந்தினால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த இனம் இல்லாத ஊர் கிடையாது. பகலில் எங்கேயாவது ஓர் ஆபீசில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும். தெருவில் போகும்போது உதடு அசையும், சில சமயம் கை உயரும், எதிரே வருகிறவர் தமக்குத்தான் வணக்கம் என்று நினைத்துப் பதில் வணக்கம் போட்டால் அவரை உற்றுப் பார்த்து, "போய்விடு, துரோகி!" என்று முணுமுணுத்துவிட்டு நடக்கும். நீங்கள் "வெயில் ஜாஸ்தியா இருக்குதே" என்று பேச்சைத் தொடங்கினால், "இதையேதான் ரெண்டாவது அங்கத்துல வேற மாதிரி சொல்லியிருக்கேன்" என்று அரை மணி நேரம் அந்த வெயிலிலேயே உங்களை நிறுத்தி வைக்கும். "இப்ப இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?" என்று யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கும். கேட்கமாட்டார்கள். அதனாலென்ன, பதில் தயாராக இருக்கும்போது கேள்வி எதற்கு?

காஞ்சிபுரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு வாழ்ந்த இந்த இனத்தின் பெயர் முனிசாமி. அப்பா வைத்த பெயர் அது. இவரே வைத்துக்கொண்ட பெயர் நவரசமுனி. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நாளிலிருந்து தறிப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. வீட்டுத் தறியை அவர் மனைவி கமலவேணி பார்த்துக்கொண்டாள். அவள் நெய்தாள், இவர் எழுதினார். எதில் வீடு நடந்தது என்று கேட்பது நாகரிகமல்ல.

ஒன்பது ரசத்தில் இவருக்குப் பிடித்தது ஒன்றுதான். அழுகை. பதினோரு வருஷத்தில் ஆறு நாடகம் அரங்கேற்றினார். ஆறிலும் கதாநாயகி கடைசிக் காட்சியில் செத்துப்போனாள். ஒருத்தி கிணற்றில் விழுந்தாள். ஒருத்தியைப் பாம்பு கடித்தது. ஒருத்திக்குக் காசநோய், ஒருத்திக்கு ரயில், ஒருத்திக்குப் பட்டினி. ஆறாவது பெண் காரணம் ஒன்றும் இல்லாமலே செத்தாள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் நெருங்கிவிட்டதால் ஆசிரியருக்குக் காரணம் யோசிக்க நேரமில்லை. ஊர்க் கலைமன்றம் நடத்திய நாடகப் போட்டியில் இந்த ஆறு சாவுக்கும் ஆறு முறை ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு முறையும் ஓர் எவர்சில்வர் டம்ளர். வீட்டுக்கு யார் வந்தாலும் கமலவேணி அந்த டம்ளரில்தான் காப்பி கொடுப்பாள். வந்தவர்கள் காப்பி குடிக்கும்போதெல்லாம் ஆசிரியர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவருக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, முதல் பரிசு. முதல் பரிசு என்றால் மேடையில் பொன்னாடை, "நாடகச் சுடர்" என்ற பட்டம், அதற்குமேல் பட்டணத்தில் ஒரு சபாவில் நாடகம் போட வாய்ப்பு. இன்னொன்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கமலவேணி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் நாடகத்தைப் பார்த்து மனசாரப் பாராட்ட வேண்டும்.

எழுதியதையெல்லாம் அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். அவள் தறியில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே முக்காலி போட்டு, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். தறி ஓடும் சத்தத்தில் அவள் காதில் பாதி விழாது. முடித்துவிட்டு, "எப்படி இருக்குது?" என்பார்.

"நல்லா இருக்குதுங்க."

அடுத்த வீட்டுக் குழம்பைப் பற்றியும் அவள் இதையே, இதே குரலில்தான் சொல்வாள். அரங்கேற்ற நாளில் இன்னும் மோசம். படுதா ஓட்டை வழியாகப் பார்ப்பார்: பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தில் கமலவேணி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கடைசிக் காட்சி வந்ததும் கண் மூடியிருக்கும். மேடையில் ஒருத்தி உயிரை விட்டுக்கொண்டிருக்கிறாள், கட்டிய மனைவி தூங்குகிறாள்! இதைவிட ஓர் ஆசிரியனுக்கு அவமானம் உண்டா?

ஏழாவது நாடகத்தில் அவளை விழிக்க வைத்துவிடுவது என்று அவர் சபதம் எடுத்தார். நாடகத்தின் பெயர் "கண்ணீர்ப் பாவு". தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்குப் பாவு என்று பெயர். அதில் கண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் அதுதான் கதை. செண்பகம் என்ற ஏழை நெசவுப்பெண் பட்டு ஜவுளி முதலாளியின் மகனை விரும்புகிறாள். முதலாளி மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்துவிடுகிறார். அந்தக் கல்யாணப்பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை நெய்யும் வேலை, வேறு யாரிடமும் போகாமல் செண்பகத்திடமே வருகிறது. அழுதுகொண்டே நெய்கிறாள். கடைசி இழையை நெய்து முடித்ததும் தறிமேலேயே சாய்ந்து உயிரை விடுகிறாள். இதற்கும் அழாத ஜனம் ஜனமா?

தேதி குறிக்கும் நாளும் வந்தது. எந்தக் குழு எந்த நாளில் போடுவது என்று மன்றத்தில் பேச்சு நடந்தபோது ஆசிரியர் எழுந்து நின்றார்.

"எங்களுக்கு அமாவாசையைக் குடுத்துடுங்க. அன்னிக்கு ஊர்ல ஒரு தறி ஓடாது. நெசவாளி ஊட்டு ஜனம் பூரா சும்மா இருக்கும். கொட்டகை ரொம்பிடும்."

நியாயமான பேச்சு. அமாவாசையன்று தறியில் கை வைப்பதில்லை என்பது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஊர் முழுக்கத் தறிக்கு ஓய்வு, ஜனத்துக்கும் ஓய்வு. மன்றம் சரி என்றது. ஆசிரியர் வீட்டுக்கு வந்து, அதே சூட்டோடு, கடைசிக் காட்சிக்கு மெருகேற்ற உட்கார்ந்தார். செண்பகம் சாகப்போகும் ராத்திரி எப்படி இருக்க வேண்டும்? கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். எழுதினார்: "ஓ, அமாவாசை இருளே!"

எழுதிவிட்டுத் தாமே இரண்டு முறை படித்துப் பார்த்துக் கண் கலங்கினார்.

இந்தத் தப்பு வேறு யார் கண்ணிலும் படவில்லையா என்று கேட்பீர்கள். எப்படிப் படும்? அந்தக் குழுவில் யாருக்கும் முழு நாடகத்தைக் கொடுக்கும் வழக்கமில்லை. அவரவர் வசனத்தை மட்டும் தனியாக எழுதி அவரவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கதாநாயகன் சீனிவாசன், வாலாஜாபாத்து அரிசி மில் கணக்கர், தம் எட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். ஜவுளி முதலாளியாக நடித்த அப்துல் சத்தார் பாய் ஊரில் தொப்பியும் அத்தரும் விற்பவர். மீசையை முறுக்குவதற்கே அவருக்கு நேரம் போதவில்லை. செண்பகத்தின் மூன்று பக்கத் தனிமொழி வேலூருக்குத் தபாலில் போயிற்று. அங்கிருந்துதான் நடிகை லோகாம்பாள் வரவேண்டும். முப்பது வருஷமாக நாடகமேடையே கதியென்று கிடந்தவள். ஒத்திகைக்கெல்லாம் வரமாட்டாள், நாடகத்தன்று மூன்று மணி பஸ்ஸில்தான் இறங்குவாள். இதில் கமலவேணிக்கு வாசித்துக் காட்டியது தறிச் சத்தத்தோடு போயிற்று.

அமாவாசை வந்தது. ஆறு மணிக்கே கொட்டகை நிரம்பி, இடமில்லாமல் ஜனம் பக்கச் சுவரோரம் நின்றது. முன்வரிசை நாற்காலியில் செங்கல்பட்டிலிருந்து வந்த நடுவர், மடியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் உள்ளே ஓடினார், வெளியே ஓடினார். முறுக்கு விற்கிறவரிடம் போய், "கடைசிக் காட்சியில மட்டும் கூவாதப்பா, உனக்குப் புண்ணியமா போவும்" என்று கும்பிட்டார். நோட்டீசில் தம் பெயர் எழுத்தும் கதாநாயகன் பெயர் எழுத்தும் ஒரே அளவுதானா என்று காலையிலிருந்து மூன்றாவது முறையாக விரலால் அளந்து பார்த்தார். ஒப்பனை அறையில் சத்தார் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், இன்னிக்கு ஒரு கண்ணும் காஞ்சி இருக்கக்கூடாது."

"அரே, நீ மொதல்ல தண்ணி குடிப்பா. உன் வாய்தான் காஞ்சிக்கினு இருக்குது."

மணி அடித்தது. ஆசிரியர் ஓட்டைக்குக் கண்ணைக் கொடுத்தார். அங்கே அவர் கண்டது என்ன? கமலவேணி விழித்திருந்தாள்! மேடையில் மூங்கிலும் சணலும் வைத்துக் கட்டிய தறியை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் காட்சி போயிற்று, விழித்திருந்தாள். ஐந்தாவது காட்சியில் சத்தார் பாய் செண்பகத்தின் எதிரில் பட்டுநூலை வீசி, "முகூர்த்தப் புடவையை நீதான் நெய்ய வேண்டும்!" என்று கர்ஜித்தபோது முன்னால் நகர்ந்தே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் புடவைத் தலைப்பை எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது வரிசை மளிகைக்கடைக்காரர்கூடக் கைக்குட்டையை வெளியே எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார். ஆசிரியருக்கு இதயம் விலாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போலிருந்தது. பதினோரு வருஷம்! இதோ, இன்னும் பத்து நிமிஷம்.

கடைசிக் காட்சி. மேடையில் ஒற்றை விளக்கு. லோகாம்பாள் தலைவிரி கோலமாக வந்து தறியின் எதிரே நின்று, கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும் குரலில் ஆரம்பித்தாள்.

"ஓ, அமாவாசை இருளே! ஊரெல்லாம் உறங்குகிறது. இந்தப் பாவி மட்டும் தறியில் அமர்கிறேன்!"

உட்கார்ந்தாள். இழை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தாள். கொட்டகை அப்படியே அடங்கிப்போயிற்று. ஊசி விழுந்தால் கேட்கும். ஆசிரியர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, மெய்சிலிர்த்துக் கண்ணை மூடினார். ஓட்டையில் கண் இல்லாத அந்த ஒரு நிமிஷத்தில்தான் பெண்கள் பக்கத்து இருட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"அடியே செம்பகம்! எழுந்திருடி! இன்னிக்கு அமாவாசடி! தறியில கை வெக்காதடி!"

அவ்வளவுதான். கொட்டகை கொல்லென்று சிரித்தது. "ஆமாம்மா, எழுந்திரும்மா!" என்றது ஆண்கள் பக்கம். "இவளுக்கு எடுத்துச் சொல்ல ஊட்ல ஒருத்தரும் இல்லியா?" என்று கேட்டது ஒரு கிழவியின் குரல். ஆசிரியர் படுதாவைப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் உள்ள எல்லாத் தறியும் அவர் தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடின. அமாவாசை! நெசவாளி வீட்டுப் பிள்ளை, தம் வாயாலேயே தேதி கேட்டு வாங்கியவர், தறியில் யாரும் உட்காராத நாளில் ஊரையே கூட்டி வைத்து, அவர்கள் கண்ணெதிரே ஒருத்தியைத் தறியில் உட்கார வைத்துவிட்டார்.

லோகாம்பாள் கெட்டிக்காரி. ஜனம் பேசினால் பதில் பேச வேண்டும், பேசாவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். சூடு பட்டவள்போல் நாடாவைக் கீழே வைத்தாள். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண்கள் பக்கம் திரும்பி, அதுவரை பேசிய வசன பாஷையை விட்டுவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"மறந்துட்டேன்க்கா. துக்கத்துல நாள் கெழமையே தெரியலக்கா எனக்கு."

சிரிப்பு பட்டென்று நின்றது. அப்புறம் கேட்டது மூக்குறிஞ்சும் சத்தம். மளிகைக்கடைக்காரர் கைக்குட்டையில் முகத்தையே புதைத்துக்கொண்டார். பதினோரு வருஷமாக ஆசிரியர் எதற்குத் தவம் கிடந்தாரோ அது கொட்டகை முழுக்க நடந்தது. அவர் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கையெழுத்துப் பிரதியைப் புரட்டி, இந்த வசனம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே நின்று வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருந்த சீனிவாசனுக்கு மேடையில் நடந்தது ஒன்றும் தெரியாது. தம் நேரம் வந்ததும் ஓடி வந்து முழங்கால் போட்டு, "செண்பகம்! உன் உயிர் பறந்துவிட்டதா!" என்று கதறினார். நிமிர்ந்தால் செண்பகம் எதிரே நிற்கிறாள்.

"இல்லீங்க. இன்னிக்கு அமாவாசை. பொடவையை நாளைக்குத்தான் நெய்யணும்."

மறுபடி கொட்டகை அதிர்ந்தது. பிணத்தைப் பார்த்து மனம் மாற வேண்டிய ஜவுளி முதலாளி மீசையோடு உள்ளே வந்தார். சத்தார் பாய் ஒரு கணம் லோகாம்பாளைப் பார்த்தார், ஒரு கணம் வெறும் தறியைப் பார்த்தார். வியாபாரி மூளை.

"இன்னாது, பொடவை ரெடியில்லியா? விடிஞ்சா முகூர்த்தம்! பொடவை இல்லாம எந்தப் பொண்ணுப்பா மணையில குந்துவா?"

"குந்தமாட்டா!" என்றது ஜனம் ஒரே குரலில்.

"அப்ப அந்தக் கல்யாணம் நின்னுபோச்சி. டேய், இந்தப் பொண்ணையே கட்டிக்கடா. தறி கிட்ட மரியாதை தெரிஞ்ச பொண்ணு."

திரை விழுந்தது. கைதட்டல் ஓயவில்லை.

நடுவர் மேடையேறினார். தாம் பார்த்த நூற்றுக்கணக்கான நாடகங்களில் கதாநாயகியைச் சாகவிடாமல் காப்பாற்றும் துணிச்சல் ஓர் ஆசிரியருக்கும் வந்ததில்லை என்றார். ஜனத்தின் நடுவிலேயே ஒரு நடிகையை உட்கார வைத்து, அவர்கள் வழக்கத்தையே கதையின் திருப்பமாக்கியது புதுமை, புரட்சி என்றார். முதல் பரிசு! நாடகச் சுடர்! பொன்னாடை! அதை விரித்த உடனேயே முன்வரிசை, "சரிகை இல்லப்பா, வெறும் மினுமினுப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பட்டு நெய்கிற ஊரில் பொன்னாடை போர்த்திக்கொள்வதில் உள்ள கஷ்டம் அது.

ஒலிபெருக்கியின் முன் ஆசிரியர் நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததா? வந்தது. அவர் கெட்டவர் அல்ல. அந்த நினைப்பு வந்து, இடமில்லாமல், திரும்பிப் போயிற்று.

"ரசிகப் பெருமக்களே! இந்த உத்தியைப் பதினோரு ஆண்டுகளாக என் உள்ளத்தில் பாதுகாத்து வந்தேன்..."

பின்னால் நின்ற சத்தார் பாய்க்கு இருமல் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஊர் முழுக்கத் தறி ஓடியது. கமலவேணி தறியில் இருந்தாள். ஆசிரியர் சட்டைக்குமேல் பொன்னாடையோடு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் "எப்படி இருந்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ராமலிங்கம் வந்தார்.

"ஜனத்துல உக்கார வெச்சியே ஒரு நடிகை, யாருப்பா அது? குரல் கணீர்னு இருந்துது!"

"அவங்களையும் வேலூர்லேந்துதான் வரவழைச்சேன். பெரிய அனுபவசாலி."

ராமலிங்கம் போனதும் தறிச் சத்தம் நின்றது.

"நான் எப்பங்க வேலூருக்குப் போனேன்?" என்றாள் கமலவேணி.

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார்.

"கத்துனது நான்தான். உங்களுக்கு என் குரல்கூடத் தெரியலியா?"

"நீயா? ஏண்டி அப்படிப் பண்ணே? அமாவாசைன்னு வாயில வந்துடுச்சா?"

"அமாவாசை இன்னா அமாவாசை, அது ஒரு சாக்கு. அவ தறியில உக்காந்த உடனே தெரிஞ்சிபோச்சி, சாவடிக்கப் போறீங்கன்னு. ஆறு பொண்ணுங்க செத்தாச்சி. ஒவ்வொருத்தி சாவும்போதும் என்னால பாக்கவே முடியலீங்க, கண்ணை இறுக்க மூடிக்குவேன். அந்தக் கெணத்துல விழுந்த பொண்ணை நெனச்சி நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல. இவளையாவது காப்பாத்தலாம்னு தோணிச்சி. கத்திட்டேன்."

அப்படியானால் அவள் தூங்கவே இல்லை. அவர் எழுதிய பெண்கள் அவளுக்கு நிஜமான பெண்களாக இருந்திருக்கிறார்கள். ஒருத்தியை எழுந்து காப்பாற்றும் அளவுக்கு நிஜம். பொன்னாடையும் பட்டமும் எங்கே, இது எங்கே! அவருக்குக் கண் நிறைந்தது. எழுந்து போய்த் தறியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடிக்கக்கூட நினைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"பாம்பு கடிச்சவளுக்கு எத்தினி நாள் சோறு எறங்கல?"

கமலவேணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்ல, ரயில்ல விழுந்தவளுக்கா பாம்பு கடிச்சவளுக்கா, யாருக்கு ஜாஸ்தி அழுதே? சும்மா சொல்லு. அந்த ரயில் வசனம் கொஞ்சம் நீளமோன்னு எனக்கே ஒரு சந்தேகம்..."

"சங்கத்துக்கு நேரமாவுது, கெளம்புங்க" என்று அவள் நாடாவை வீசினாள்.

சிரிக்கிறீர்கள். நாடகம் எழுதுகிறவர்களே இப்படித்தான் என்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் வீட்டுக்கு விருந்தாளி ஒருவர் வந்தார். நீங்கள் வைத்த ரசத்தை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு, மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு, இலையில் இருந்ததை வழித்துக் குடித்துவிட்டு எழுந்தார். அவரைக் கை கழுவக்கூட விடாமல் வழியில் மறித்துக்கொண்டு, "ரசம் எப்படி இருந்தது? புளி கொஞ்சம் தூக்கலோ?" என்று கேட்டது யார்?